பண்ணைப் பெட்டியில் வந்த காய்: கேள்வி-பதில்

பண்ணைக்கு முன்பணம் கட்டிப் பங்குதாரராகச் சேர்ந்து, அங்கே விளைவதை வாராவாரம் பெட்டியில் வாங்குபவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: பெட்டி வந்த நாலாம் நாள் கீரை அழுகிவிடுகிறது, முள்ளங்கி சுருங்கிவிடுகிறது. ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: பெட்டியில் வந்ததை வந்தபடியே உள்ளே வைப்பதுதான் தப்பு. வந்த அன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்கிப் பிரித்துவிடுங்கள். முள்ளங்கி, பீட்ரூட், கேரட், டர்னிப் தழையோடு வந்தால், மேலே 2 செ.மீ. காம்பு மட்டும் விட்டுத் தழையை நறுக்கிவிட வேண்டும். தழை ஒட்டியிருக்கும்வரை கிழங்கிலிருக்கும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கிழங்கு ரப்பர் மாதிரி வளைவது அதனால்தான். பீட்ரூட்டில் அந்தக் காம்பையும் ஒட்ட வெட்டினால் வேகும்போது சாயம் நீரில் இறங்கிவிடும்.

நறுக்கிய தழையை எறியாதீர்கள். பீட்ரூட், டர்னிப், முள்ளங்கி, நூல்கோல் எல்லாவற்றின் தழையும் நல்ல கீரை. காம்பைப் பொடியாக அரிந்து முதலில் 3 நிமிடம் வதக்கி, பிறகு இலையைப் போட்டால் இரண்டும் ஒரே பதத்தில் வேகும். ருபார்ப் (புளிப்பான தண்டுள்ள செடி) வந்தால் மட்டும் கவனம்: தண்டைத்தான் சாப்பிடலாம், இலை நஞ்சு.

கீரையைக் கழுவாமல், உலர்ந்த துணியில் சுற்றிப் பையில் வையுங்கள். இலையில் தங்கும் ஈரம்தான் அழுகலுக்குக் காரணம். வாடியிருந்தால் காம்பு நுனியைச் சீவிக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் போட்டால் நிமிர்ந்துவிடும். வழுவழுத்துப் போனதை மீட்க முடியாது. ஆப்பிளும் பழுத்த தக்காளியும் விடும் எத்திலீன் வாயுவால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். அவற்றைத் தள்ளி வையுங்கள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெளியே, இருட்டில், தனித்தனியாக இருக்கட்டும்.

சமைக்கும் வரிசை: முதலில் கீரை, அடுத்து பீன்ஸ், வெள்ளரி, சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் பூசணி வகை). கிழங்கும் முட்டைக்கோஸும் காத்திருக்கும்.

கேள்வி: ஒரு மாதமாகப் பெட்டி நிறைய சுக்கினிதான். மசாலாவை மாற்றி மாற்றிச் செய்தும் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

பதில்: ஒரே காய் தொடர்ந்து வரும்போது மசாலாவை மாற்றிப் பயனில்லை, பதத்தை மாற்ற வேண்டும். குழைய வெந்த சுக்கினி எந்த மசாலாவிலும் குழைந்த சுக்கினிதான். அந்தக் காயில் சுமார் 95 சதவீதம் நீர். அந்த நீரை என்ன செய்வது என்று முடிவு செய்தாலே புதுப் பண்டங்கள் கிடைத்துவிடும்.

பிழிந்து எடுப்பது ஒரு வழி. அரை கிலோவைத் துருவி, ஒரு தேக்கரண்டி உப்பு பிசறி 20 நிமிடம் வைத்து, துணியில் இறுகப் பிழியுங்கள். துருவல் பாதியாகச் சுண்டிவிடும். மாவும் முட்டையும் சேர்த்துத் தட்டிச் சுட்டால் ஓரம் மொறுமொறுக்கும். பிழியாமல் செய்தால் கல்லிலேயே பிரிந்து போகும். பிழிந்த நீர் சூப்புக்கு ஆகும். அதில் ஏற்கெனவே உப்பு இருப்பதை மறக்க வேண்டாம்.

ஓவனில் வற்ற விடுவது இன்னொரு வழி. 220 டிகிரி செல்சியஸ், 3 செ.மீ. துண்டுகள், அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 20 முதல் 25 நிமிடம். துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். நெருக்கிப் போட்டால் ஆவியில் வெந்து சொதசொதத்துவிடும். உப்பைக் கடைசியில் தூவுங்கள், முன்னால் தூவினால் நீர் விடும். இளம் காயை வேகவைக்கவே வேண்டாம்: தோல் சீவியால் நீள நாடாக்களாகச் சீவி, எலுமிச்சைச் சாறு பிழிந்து உடனே பரிமாறலாம்.

ஒரு துண்டை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பாக இருந்தால் அந்தக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். குக்குர்பிடசின் என்ற நச்சுப்பொருள் அது, வேகவைத்தாலும் போகாது.

கேள்வி: இரண்டு கிலோ முட்டைக்கோஸ் வந்துவிட்டது. புளிக்க வைக்கலாமா? போன தடவை பூஞ்சை பிடித்துவிட்டது.

பதில்: தாராளமாக. ஒரு கிலோ மெல்லிய சீவலுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். நீர் விடும்வரை கையால் அழுத்திப் பிசைந்து, ஜாடியில் அமுக்கி, மேலே பாரம் வையுங்கள். போன தடவை சீவல் உப்பு நீருக்கு மேலே மிதந்திருக்கும். காற்றுப்பட்ட இடத்தில்தான் பூஞ்சை வளரும். நீர் போதாவிட்டால் லிட்டருக்கு 25 கிராம் உப்பு கரைத்து ஊற்றுங்கள். 20 டிகிரி வாக்கில் மூன்று நான்கு வாரத்தில் தயாராகும். வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்து, குழைந்தும் போகும்.

கேள்வி: ஃப்ரீசரில் போட்ட பீன்ஸ் வைக்கோல் மாதிரி ருசிக்கிறது.

பதில்: பச்சையாகவே போட்டிருப்பீர்கள். குளிரிலும் நொதிகள் மெல்ல வேலை செய்து மணத்தையும் நிறத்தையும் கெடுக்கும். கொதிநீரில் 3 நிமிடம், உடனே ஐஸ் நீரில் 3 நிமிடம், நன்றாகத் துடைத்துத் தட்டில் பரப்பி உறைந்தபின் பையில் போடுங்கள்.

கேள்வி: ஊதா பீன்ஸ் என்று கொடுத்தார்கள். வேகவைத்ததும் பச்சையாகிவிட்டது. சாயம் பூசியதா?

பதில்: இல்லை. அந்த ஊதா நிறமி சூட்டில் சிதைந்துவிடும், அடியிலிருக்கும் பச்சை தெரியும்.

கேள்வி: முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினேன். சில வாரம் பெட்டியில் பாதிதான் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: ஒப்பந்தத்தைப் பாருங்கள். பங்கு என்பது பொதுவாக விளைச்சலில் பங்கு: மழையோ பூச்சியோ கெடுத்தால் பெட்டி குறையும், நன்றாக விளைந்தால் கூடும். ஆனால் குறைந்தபட்ச எடை இவ்வளவு என்று எழுதியிருந்து கிடைக்காவிட்டால் கேட்பது உங்கள் உரிமை. வாராவாரம் பெட்டியை எடைபோட்டு, படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த பருவத்துக்குக் கட்டுவதற்கு முன் நாலு விஷயம் கேளுங்கள்: அரைப் பங்கு உண்டா, வேண்டாத காயை மாற்றிக்கொள்ள முடியுமா, ஊரில் இல்லாத வாரத்தை ஒத்திவைக்கலாமா, பெட்டியில் வருவதை முதல் நாளே சொல்வார்களா. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு முழுப் பங்கு பெரும்பாலும் அதிகம்.