லூயிஸ் – ஷ்மெலிங் கதையைப் படமாக்க: நட்பை எங்கே வைப்பது, சண்டையை எப்படி எடுப்பது?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜோ லூயிஸ், ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் ஆகிய இரு குத்துச்சண்டை வீரர்களின் நட்பைப் பற்றி 40 நிமிடப் படம் எடுக்கப்போகிறோம். 1936, 1938 சண்டைகள் இரண்டும் திரைக்கதையில் உண்டு. தொடக்கத்திலிருந்தே இருவரையும் நண்பர்களாகக் காட்டலாமா? பெரிய செலவில்லாமல் சண்டைக் காட்சிகளை நம்பும்படி எடுப்பது எப்படி?

பதில்: முதல் கேள்விக்கு, கூடாது. அவர்கள் நண்பர்களானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1954-ல் அமெரிக்கா வந்த ஷ்மெலிங், லூயிஸைத் தேடிப்போய்ச் சந்தித்தார். அதன்பின் லூயிஸ் 1981 ஏப்ரல் 12-ல் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது. 1938-ல் ரிங்குக்குள்ளேயே இருவரையும் கட்டித்தழுவ வைத்தால், இடையில் கடந்த 16 ஆண்டுகள் வீணாகிவிடும். ஒருவரை ஒருவர் வெறுக்காத இரண்டு பேர், நாடுகளின் வெறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரிங்கேறினார்கள். உங்கள் படத்தின் கரு இதுதான். நட்பு தாமதமாக வரட்டும், ஆனால் அதற்கான விதை முதல் சண்டையிலேயே தெரியட்டும்.

அந்த விதை ஒரு தொழில்நுட்பத் தவறுக்குள் இருக்கிறது. லூயிஸ் இடதுகை ஜாப் (முன்கையை நேராக நீட்டும் வேகமான குத்து) போட்டதும் கையை நேராக முகத்துக்குத் திருப்பாமல் தாழ்த்திக் கொண்டுவருவார். அப்போது இடது தாடை ஒரு கணம் திறந்து கிடக்கும். ஷ்மெலிங் அதைக் கவனித்துவைத்திருந்தார். 1936 ஜூன் 19, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம்: நான்காம் ரவுண்டில் அந்த இடைவெளிக்குள் ஷ்மெலிங்கின் வலதுகை கிராஸ் (பின்கையால் நேராகப் பாயும் குத்து) இறங்கியது. தொழில்முறைச் சண்டையில் லூயிஸ் தரையைத் தொட்டது அதுவே முதல்முறை. 12-ஆம் ரவுண்டில் நாக் அவுட். அப்போது லூயிஸுக்கு வயது 22, ஷ்மெலிங்குக்கு 30. ஒருவனுடைய இடதுகை எந்த உயரத்தில் திரும்புகிறது என்பதை அவனுடைய எதிராளி அளவுக்கு யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அந்தக் கவனிப்பைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். லூயிஸின் பயிற்சிக் காட்சி ஒன்றில் ஜாப்பும் தாழும் கையும் மூன்று தடவையாவது தெளிவாகத் தெரிய வேண்டும். வசனத்தில் யாரும் அதை விளக்க வேண்டியதில்லை.

12 ரவுண்டையும் காட்ட முயலாதீர்கள். ஒன்று, நான்கு, பன்னிரண்டு போதும். ஒன்றாம் ரவுண்டில் கை தாழ்வது, நான்கில் அதற்கான விலை. பன்னிரண்டில் தள்ளாடும் லூயிஸ். களைப்பிலும் மயக்கத்திலும் அவர் குத்துகள் இடுப்புக்குக் கீழே விழுந்தன. அதை வில்லத்தனமாகக் காட்டிவிடாதீர்கள், தலை குழம்பியவனின் கை தாழ்ந்துதான் போகும்.

1938 ஜூன் 22 வேறு மாதிரி. அதே மைதானம், 70,000 பேருக்கு மேல் கூட்டம். முந்தைய ஆண்டு இதே ஜூன் 22-ல் அப்போதைய சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி லூயிஸ் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். இந்தச் சண்டை முதல் ரவுண்டில் 2 நிமிடம் 4 விநாடியில் முடிந்தது. இதை மட்டும் நேரத்தைச் சுருக்காமல், நீட்டாமல், முழு 124 விநாடியும் எடுங்கள். ஸ்லோமோஷன் வேண்டாம். நகர்வை மெதுவாக்கினால், இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்ற அதிர்ச்சி கரைந்துபோகும்.

124 விநாடியை நடிகர்களால் ஒரே மூச்சில் செய்ய முடியாது. எட்டு முதல் பன்னிரண்டு விநாடித் துண்டுகளாகப் பிரியுங்கள், ஒரு துண்டில் ஏழெட்டு அசைவுக்கு மேல் வேண்டாம். முதலில் கால்பங்கு வேகத்தில் ஒத்திகை, பிறகு அரைவேகம், பிறகு முக்கால். படப்பிடிப்பிலும் முக்கால் வேகத்தைத் தாண்டத் தேவையில்லை. முழுவேகத்தில் குத்தின் பாதை கேமராவுக்கே புரியாது, காயமும் அப்போதுதான் வரும். ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் கடைசி இரண்டு அசைவுகளோடு தொடங்கினால் எடிட்டிங்கில் ஒட்டும்.

தலைக்கான குத்து முகத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் போக வேண்டும். கேமரா பக்கவாட்டில் நின்றால் அந்த இடைவெளி அப்படியே தெரிந்துவிடும். லென்ஸ், கையுறை, முகம் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி குத்துபவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ கேமராவை வையுங்கள். 85 மில்லிமீட்டர் போன்ற நீள லென்ஸ் இடைவெளியை மேலும் அமுக்கிக் காட்டும். ஹூக்கை (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) ஏமாற்றி எடுப்பது எளிது. கிராஸ் நேராக வருவதால் கடினம், ஆனால் உங்கள் கதையே ஒரு கிராஸில் நிற்கிறது. அதற்காகத் தனியாக அரைநாள் ஒதுக்குங்கள். பெரும்பாலான படங்களில் கெட்டுப்போவது குத்து அல்ல, வாங்குபவரின் எதிர்வினை. தலை அரைநொடி பிந்தித் திரும்பினாலும், கால் ஊன்றியபடியே நின்றாலும் பொய் தெரிந்துவிடும். முழங்கால் முதலில் தளர வேண்டும், தலை குத்தின் திசையிலேயே போக வேண்டும்.

1938 சண்டையின் மையம் முதுகுப்பக்க விலாவில் விழுந்த குத்து. ஷ்மெலிங் வலது கையை மேல்கயிற்றில் தொங்கவிட்டு உடலைத் திருப்பிய நேரத்தில் லூயிஸின் வலதுகை அவர் முதுகுப்பக்கம் பதிந்து, முதுகெலும்பின் பக்கநீட்சி ஒன்று உடைந்தது. ஷ்மெலிங் வலியில் அலறினார். உடலில் விழும் குத்தை லேசாகத் தொட்டே எடுக்கலாம்: கையுறைக்குள் மென்மையான பஞ்சு, குறி பெரிய தசை, வாங்குபவர் அந்தக் கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். ஆனால் இந்த முதுகுக் குத்தை மட்டும் தொடாமல் எடுங்கள். சிறுநீரகம் அங்கேதான் இருக்கிறது.

முடிவும் வழக்கமாகத் தவறாக எடுக்கப்படுகிறது. ஷ்மெலிங்கின் பயிற்சியாளர் மாக்ஸ் மாகோன், தோல்வியை ஒப்புக்கொள்ளும் விதமாக, முகம் துடைக்கும் துண்டை ரிங்குக்குள் எறிந்தார். ஆனால் அன்றைய நியூயார்க் விதி அதைத் தோல்வியின் அடையாளமாக ஏற்கவில்லை. நடுவர் ஆர்தர் டொனோவன் துண்டை எடுத்து வீசிவிட்டு, பிறகு தானே சண்டையை நிறுத்தினார். துண்டு விழுந்ததும் மணியடிப்பதாகக் காட்டாதீர்கள்.

இன்றைய பழக்கங்கள் வேறு சிலவும் உள்ளே நுழைந்துவிடும். விழுந்து எழுந்தவருக்குக் கட்டாயமாக எட்டுவரை எண்ணும் வழக்கம் அப்போது இல்லை; எழுந்த உடனே சண்டை தொடரும். மூன்று முறை விழுந்தால் தானாகவே முடிவு என்ற விதியும் இல்லை. ரிங்கைச் சுற்றி மூன்று கயிறுகள்தான், நான்கு அல்ல. கையுறை கயிற்றால் முடிச்சிட்டது, வெல்க்ரோ பட்டை தெரியக் கூடாது. கட்டைவிரல் தனியாக விலகி நிற்கும். தலைக்கவசம் கிடையாது. ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்கு 10 புள்ளி கொடுக்கும் முறையும் இல்லை, நியூயார்க்கில் யார் எத்தனை ரவுண்டு வென்றார் என்று எண்ணித்தான் முடிவு சொன்னார்கள்.

எழுபதாயிரம் பேரை உங்களால் காட்ட முடியாது, காட்டவும் வேண்டாம். திறந்தவெளி, இரவு, ரிங்குக்கு மேலே மட்டும் விளக்குக் கூண்டு. கேமரா தாழ்ந்து மேல்நோக்கிப் பார்த்தால் பின்னால் இருட்டுத்தான். ரிங்கோரத்தில் தொப்பியணிந்த ஆண்கள் மூன்று வரிசை, தட்டச்சுப்பொறிகளோடு பத்திரிகையாளர் மேசை, ஒரு வானொலி மைக். முழு எடையும் ஒலியில் இருக்கிறது: அரங்கத்தின் எதிரொலி இல்லாமல், மைதானத்தில் பரவிக் கலையும் இரைச்சல். உண்மையான வானொலி வர்ணனைக்கும் சண்டைப் படச்சுருளுக்கும் உரிமையாளர்கள் இருக்கக்கூடும். அனுமதி வாங்குங்கள், அல்லது வர்ணனையைப் புதிதாக எழுதிப் பேசவையுங்கள்.

அரசியலுக்கு வருவோம். இருவர் வாயிலும் கொள்கை வசனம் வைத்தால் படம் பாடப்புத்தகமாகிவிடும். நிஜ வாழ்க்கையிலேயே முரண்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேரவில்லை. அவருடைய மேலாளர் ஜோ ஜேகப்ஸ் யூதர். விலக்கச் சொல்லி நெருக்கடி வந்தும் ஷ்மெலிங் விலக்கவில்லை. அதே நேரம் அவர் ஹிட்லருடன் படமெடுத்துக்கொண்டவர், 1936 வெற்றிக்குப் பின் ஹிண்டன்பர்க் வான்கப்பலில் நாயகனாக ஊர் திரும்பியவர். அவரைப் புனிதராக்காதீர்கள். 1938 நவம்பரில் யூதர்கள் மீது வெறியாட்டம் நடந்தபோது, நண்பர் டேவிட் லெவினின் இரு மகன்களைப் பெர்லினில் தம் ஹோட்டல் அறையில் ஒளித்துவைத்தார். பல பத்தாண்டுகள் அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தச் சிறுவர்களில் ஒருவரான ஹென்றி லெவின்தான் 1989-ல் வெளியே சொன்னார். லூயிஸ் பக்கம்: சுதந்திரத்தின் முகமாகக் கொண்டாடப்பட்டவர், 1942-ல் சேர்ந்ததோ நிறத்தால் பிரிக்கப்பட்ட ராணுவத்தில். அந்த ஆண்டு இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். பின்னாளில் வரிக் கடன் அவரை நசுக்கியது. ஷ்மெலிங் ஜெர்மனியில் கோகோ கோலா வணிகத்தில் செழித்து, லூயிஸுக்குப் பணம் கொடுத்து உதவினார். 40 நிமிடத்தில் இவையெல்லாம் இடம்பெறாது. என் தேர்வு ஹோட்டல் அறையும் வரிக் கடனும். ஷ்மெலிங் ஒளித்துவைத்ததும் லூயிஸ் இழந்ததும் தெரிந்தால்தான் 1954 சந்திப்புக்கு எடை கூடும்.

படப்பிடிப்பு வரிசையையும் யோசித்துவையுங்கள். வசனக் காட்சிகளையும் முக நெருக்கக் காட்சிகளையும், 1954 உட்பட, முதலில் முடித்துவிடுங்கள். தொடாத சண்டையிலும் ஒரு முழங்கை உதட்டில் பட்டுவிடும். வீங்கிய முகத்தோடு ஒரு வாரம் காத்திருக்க நேரும். சண்டை நாள்களைக் கடைசியில் அடுத்தடுத்து வையுங்கள், தரைக்கு அடியில் தடித்த மெத்தை விரியுங்கள், முதலுதவி தெரிந்த ஒருவர் ரிங்கோரத்தில் இருக்கட்டும். ஒரு நாளில் ஆறு துண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். களைத்த நடிகரின் குத்து குறி தவறும்.