ரத்தத்தில் இருக்கு, எலும்பில் இருக்கா?

கேள்வி: எனக்கு வயது 44. பதினான்கு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் எடை குறைய கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) செய்துகொண்டேன். 109 கிலோவிலிருந்து 74-க்கு வந்துவிட்டேன். கால்சியம் மாத்திரை போட்டால் வயிறு உப்பி மலம் கட்டிக்கொள்கிறது என்று நிறுத்திவிட்டேன். ரத்தத்தில் கால்சியம் 9.2, நார்மல் என்றார்கள். ஆனாலும் இடுப்பும் தொடையும் வலிக்கின்றன. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். "குடலை வெட்டி ஒட்டினா எலும்பு உளுத்துப் போகாதா?" என்கிறார் மாமியார். போன வாரம் பண்ருட்டிப் பலாச்சுளை ஏழெட்டு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: முதலில் அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள். டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வரும். சில சமயம் ஓட்டையே விழும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது அந்த 9.2. உங்களுக்கு ஆறுதல் தந்த அந்த எண்ணை நான் நம்பமாட்டேன். இதயம் துடிக்க, தசை சுருங்க ரத்தத்தில் கால்சியம் வேண்டும். அது குறைய உடம்பு விடாது. சாப்பாட்டிலிருந்து வரவில்லை என்றால், கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கறந்து ரத்தத்தை நிரப்பிவிடும். கடையில் கல்லா நிறைந்திருக்கும், வீட்டில் நகை ஒவ்வொன்றாக அடகுக்குப் போய்க்கொண்டிருக்கும். கால்சியமும் இரும்புச்சத்தும் முக்கியமாக உறிஞ்சப்படும் சிறுகுடலின் முதல் பகுதியைத்தான் பைபாஸில் உணவு தொடாமல் தாண்டிப்போகிறது. ஆக, மாமியார் பேச்சு கரடுமுரடாக இருந்தாலும் விஷயம் தப்பில்லை.

அதனால் பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பில் நடக்கும் மாற்றத்தைக் காட்டும் என்சைம்) மூன்றையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எலும்பு அடர்த்திக்கான டெக்சா ஸ்கேனும் எடுத்துவிடுவது நல்லது. வைட்டமின் டி மிகவும் குறைந்தாலே இடுப்பும் தொடையும் இப்படி வலிக்கும்.

பழைய மாத்திரை அட்டை வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். 'கால்சியம் கார்பனேட்' என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அது கரைய அமிலம் வேண்டும். உங்கள் சிறிய இரைப்பையில் அமிலம் சொற்பம். வயிறு உப்பியதிலும் மலம் கட்டியதிலும் அதிசயமில்லை. மருத்துவரிடம் சொல்லி 'சிட்ரேட்'டுக்கு மாறுங்கள். அதில் ஒரு சூட்சுமம்: 1000 மி.கி. சிட்ரேட் என்றால் உள்ளே கால்சியம் 210 மி.கி.தான். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி. கால்சியம் வேண்டும். ஒரே நேரத்தில் விழுங்கினால் ஏறாது. வேளைக்கு 500 மி.கி. கால்சியம் போலப் பிரித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பி12-ஐயும் விட்டுவிடாதீர்கள், அது குறைந்தால் கைகால் மரத்துப்போகும்.

சாப்பாட்டில், முதுநகர் துறைமுகம் பக்கத்திலேயே இருக்க, உங்களுக்கு என்ன குறை? நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடுங்கள். கால்சியமும் புரதமும் ஒன்றாகக் கிடைக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் உண்டு. ஆனால் ஒரு டம்ளர் கூழிலேயே உங்கள் வயிறு நிறைந்துவிடும், புரதத்துக்கு இடமிருக்காது. நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஆகவே மீன், முட்டை, பருப்பு முதலில், கூழ் பிறகு. பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர்.

பலாப்பழ விஷயத்துக்கு 'டம்ப்பிங்' என்று பெயர். வயிற்றில் தங்கிப் போகவேண்டிய சர்க்கரை நேராகக் குடலில் கொட்டி, தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அதனால்தான் படபடப்பும் போக்கும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கி மயக்கம் வந்தால், அது ரத்தச் சர்க்கரை இறங்குவது. அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கடலூர்க்காரியிடம் பலாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாப்பாடு முடிந்த பிறகு ஒரு சுளை எடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குத் தண்ணீரும் வேண்டாம்.

எலும்பு இறுக நடையும் எடை தூக்கும் பயிற்சியும் அவசியம்தான். சில்வர் பீச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பரிசோதனை முடியும்வரை குதிக்கிற பயிற்சி எதுவும் வேண்டாம். இடுப்பு வலி ஒரே பக்கமாக இருந்து, காலை ஊன்றினால் கூடுகிறது என்றால், ரத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.