ஒரே ஸ்கேட் பார்க்கில் அண்ணனும் தங்கையும்

கேள்வி: களியக்காவிளைக்கு அருகில் வசிக்கிறோம். மகனுக்கு 14 வயது. ஓராண்டாக வீட்டு முன்னுள்ள கான்கிரீட் பாதையில் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறான். மகளுக்கு 9 வயது; பலகையில் ஏறியதே இல்லை. கோடை விடுமுறையில் இருவரையும் கேரளத்தின் கோவளத்திலுள்ள கான்கிரீட் ஸ்கேட் பார்க்குக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். “அவ வந்தா எனக்க நேரமெல்லாம் போச்சு” என்று மகன் முகம் சுளிக்கிறான். எல்லா நிலையினருக்கும் ஏற்ற இடம் என்கிறார்களே, தேர்ந்தவர்கள் பாய்ந்து வரும் இடத்தில் சிறு பெண்ணை எப்படி விடுவது? வீட்டிலிருக்கும் பைக் ஹெல்மெட் போதுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தயங்காமல் இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் போய்ச் சேர்ந்ததும் முதல் அரை மணி நேரம் இருவரும் பலகையில் ஏறாமல் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று, வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். இதை முக்கியமாக மகனுக்காகவே சொல்கிறேன்.

‘எல்லா நிலையினருக்கும் ஏற்றது’ என்றால், அந்தத் தளத்தின் ஒவ்வொரு அடியும் எல்லோருக்கும் ஏற்றது என்று பொருளல்ல. இத்தகைய பார்க்குகளில் பொதுவாகச் சமதளமும், தாழ்வான சாய்தளங்களும், சுவர்போல் வளைந்தெழும் குவார்ட்டர் பைப்பும், சில இடங்களில் கிண்ணம்போல் குழிந்த பவுலும் இருக்கும். பவுலின் வடிவம் நீச்சல் குளத்திலிருந்து வந்தது. 1970களில் கலிபோர்னியாவில் மழை பொய்த்து வீட்டுக் குளங்கள் வற்றியபோது, அங்கிருந்த இளைஞர்கள் அவற்றின் வளைந்த சுவர்களில் ஏறி இறங்கிப் பழகினார்கள். இத்தகைய பார்க்கில் ஒவ்வொருவரும் ஓரிடத்தில் தொடங்கி, ஒரு தடத்தில் சென்று, ஓரிடத்தில் முடிப்பார்கள். அந்தத் தடத்தை ‘லைன்’ என்பார்கள். ஒருவர் முடித்த பிறகு, அல்லது விழுந்து எழுந்து விலகிய பிறகுதான் அடுத்தவர் இறங்க வேண்டும். பெரும்பாலும் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, அவ்வளவே. வீட்டுப் பாதையில் தனியாக ஓட்டிப் பழகிய உங்கள் மகனுக்கு இந்த முறை பழக்கமிருக்காது. தடத்தின் குறுக்கே புகும் ஓராண்டு அனுபவசாலியால் வரும் ஆபத்து, ஓரத்தில் தள்ளாடும் புதியவளால் வரும் ஆபத்தைவிடப் பெரியது.

மகளுக்குச் சமதளத்தின் ஒதுக்கான மூலையே போதும். முன்கால் பலகையின் முன்பக்கத் திருகாணிகளுக்கு மேல் இருக்கட்டும். பின்கால் தரையை உந்தட்டும். பார்வை காலில் பதியாமல் போகும் திசையில் நிற்கட்டும். விழப்போகும்போது பின்னால் சாயாமல், முழங்காலை மடக்கி, முழங்கால் உறையின் கடினமான முகப்பில் சறுக்கி நிற்க அவளுக்கு முதலிலேயே கற்பியுங்கள். குவார்ட்டர் பைப்பின் உச்சியிலிருந்து இறங்குவதை முதல் நாளில் யார் தூண்டினாலும் அவள் செய்ய வேண்டாம். அங்கே உடல் எடை முழுவதையும் முன்காலில் துணிந்து போட வேண்டும். பயத்தில் பின்வாங்கினால் பலகை முன்னால் பறந்து, தலையின் பின்புறம் கான்கிரீட்டில் மோதும்.

ஆகவே பைக் ஹெல்மெட் வேண்டாம். அது கனமானது, காதை அடைத்துவிடுவதால் பின்னால் வருபவரின் சத்தம் கேட்காது. ஸ்கேட்போர்டுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 என்ற தர அளவின்படி செய்யப்பட்ட, தலையின் பின்பகுதியையும் மூடும் ஹெல்மெட்டை வாங்குங்கள். மணிக்கட்டு உறையையும் விட்டுவிடாதீர்கள். என் அக்காள் மகனை முதன்முதலில் ஒரு ஸ்கேட் பார்க்குக்கு நான் அழைத்துச் சென்றபோது, சமதளம்தானே என்று அந்த உறையைப் பையிலேயே வைத்துவிட்டேன். பத்தாவது நிமிடம் உளுந்து அளவேயுள்ள ஒரு கல்லில் முன்சக்கரம் சட்டென நின்றது. பலகை நின்றுவிட்டது, பிள்ளை நிற்கவில்லை. உள்ளங்கையை ஊன்றி விழுந்தவனுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தத் தவறு என்னுடையது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

பார்க்கின் வழவழப்பான தரைக்கு ஏற்ற கடினச் சக்கரம், 99ஏ அல்லது அதற்கு மேற்பட்ட கடினத்தன்மை கொண்டது, சிறு கல்லைக்கூடத் தாண்டாது. கரடுமுரடான வீட்டுப் பாதையில் ஓட்டும் உங்கள் மகனிடம் ஒருவேளை மென்மையான சக்கரம் இருக்கலாம். முதல் நாளுக்கு அதுவே போதும். கடற்கரை ஊர் என்பதால் தரையில் மணல் சேரும். கையோடு ஒரு வாரியல் கொண்டுபோய், மகள் பழகும் மூலையை நீங்களே பெருக்கிவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடம் குவார்ட்டர் பைப்பின் உச்சியிலுள்ள மேடையின் விளிம்பாக இருக்கக் கூடாது. பிறர் இறங்கும் வாசல் அதுதான்.

போகும் நேரத்தையும் கவனியுங்கள். திறந்திருக்கும் வேளையை முன்கூட்டியே விசாரித்து, முடிந்தால் வெயில் ஏறுமுன் காலையில் போங்கள். நண்பகலில் கான்கிரீட் உள்ளங்கையைச் சுடும். மாலையில் கைதேர்ந்தவர்கள் கூடுவார்கள். எடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் போவது நல்லது. நனைந்த கான்கிரீட்டில் சக்கரம் வழுக்கும், பேரிங்கும் துருப்பிடிக்கும்.

மகனின் முகச் சுளிப்புக்கு வருகிறேன். மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் என்ற சிற்றூரில் 2015இல் ஒரு ஸ்கேட் பார்க் அமைக்கப்பட்டது. அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை கிடையாது, பெண் பிள்ளைகளுக்கே முதல் இடம். உங்கள் வீட்டிலும் இரண்டாவது விதியை வையுங்கள். உட்கார்ந்து பார்க்கும் அரை மணி நேரம் முடிந்ததும், முதல் முக்கால் மணி நேரம் மகளுக்கு. அப்போது அண்ணன் அவள் பக்கத்தில் நடந்து, அவள் கேட்டால் மட்டும் கை கொடுக்கட்டும். பிறகு அவன் நேரம் முழுக்க அவனுக்கே. அதில் தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவன்மேல் வைக்காதீர்கள், அது உங்களுடையது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஸ்கேட்போர்டு போட்டியில், தெருப் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி போன்றவற்றின் மேல் ஓட்டும் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கு அப்போது 13 வயதுதான் என்பதைப் போகும் வழியில் இருவருக்கும் சொல்லுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று மகன் கெஞ்சும்போதே கிளம்பிவிடுங்கள். கால் சோர்ந்த பிறகு எடுக்கும் அந்தக் கடைசித் தடவையில்தான் பலரும் விழுகிறார்கள்.