நீலாவின் கணக்குப் பரீட்சை

அன்புள்ள ஐயா,

'நாயகன்' படத்தை நண்பர்களோடு மறுபடியும் பார்த்தேன். முதல் படத்திலேயே கமலுக்கு ஈடுகொடுத்து நடித்த சரண்யா ஏன் பெரிய கதாநாயகியாக வரவில்லை? கடைசியில் வெறும் அம்மா வேடங்களோடு நின்றுவிட்டாரே என்று வருத்தமாக இருந்தது. படத்தில் கமல் நடித்த, ஏழைகளுக்கு உதவும் தாதா வேலு நாயக்கர் மாதிரி ஒருவர் இருந்திருந்தால் நம் இலங்கை மலையகமும் மாறியிருக்குமோ என்றும் பேசிக்கொண்டோம். தேயிலைக் கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்த என் அம்மாவுக்கும் இந்தப் படம் மிகவும் பிடிக்கும்.

– தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

வேலு நாயக்கர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நாலு பேருக்கு நல்லது செய்வதாகச் சொல்லி நம்மை ஆண்டவர்களைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. அடுத்ததற்கு வருவோம்.

1987 தீபாவளிக்கு வந்த படம் அது. அடுத்த வருடமே 'மனசுக்குள் மத்தாப்பு', 1995இல் பாரதிராஜாவின் 'பசும்பொன்' என்று சரண்யா நடிக்கத்தான் செய்தார். நடுவில் சில வருடங்கள் காணவில்லை. திரும்பி வந்து, 2005இல் 'ராம்', 'தவமாய் தவமிருந்து' என்று அம்மாவாக நடித்தார். (அவருடைய அப்பா ஏ.பி. ராஜ் நம் நாட்டில் தங்கிச் சிங்களப் படங்கள் எடுத்தவர். உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள்.)

அது என்ன 'வெறும்' அம்மா? கொழுந்தெடுத்துப் படிக்க வைத்த அம்மாவைப் பற்றி எழுதிய அதே கையால் இந்தச் சொல்லை எப்படி எழுதினீர்கள்? 'தென்மேற்கு பருவக்காற்று' படத்தில் தேனிப் பக்கத்து மண்ணில் ஒற்றை ஆளாய் மகனை வளர்க்கும் வீராயியைப் பாருங்கள். 2010க்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. அவர் காப்பித் தம்ளரோடு வந்து போன அம்மாக்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீராயி வேலை செய்து களைத்த உடம்பு. அந்த உடம்பை நீங்கள் தினமும் வீட்டில் பார்க்கிறீர்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் தோட்டத்தில் 'நாயகன்' ஓடியபோது எனக்குப் பதினான்கு வயது. ஹற்றனிலிருந்து வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, மாரியம்மன் கோயில் முன்னால் ஜெனரேட்டர் போட்டுக் காட்டினார்கள். பையன்கள் முன்னால், பெண்கள் பின்னால், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை விரித்துக்கொண்டு. விடிந்தால் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகவேண்டியவர்கள், பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். அந்த விபசார விடுதிக் காட்சி வந்தது. சரண்யா நடித்த நீலா வேலுவிடம், நாளைக்குக் கணக்குப் பரீட்சை, கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கிறாள். பின்னாலிருந்து ஒரு கிழவி, "ஆத்தாடி, பச்சப்புள்ளடா அது!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். நாங்கள் பையன்கள் சிரித்தோம்.

திரும்பி வரும்போது கமல் மாதிரி நடந்து காட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராப் பெண், என் வகுப்புத்தான், கணக்கில் எப்போதும் என்னைவிட நாலு புள்ளி கூட எடுப்பவள், கேட்டாள்: "அந்தப் புள்ள பரீச்ச எழுதுச்சா?"

"அதா முக்கியம்? அதான் கமல் தாலி கட்டிட்டார்ல?" என்றேன்.

அடுத்த மாதம் ஒரு தரகர் வந்தார். அவள் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அவள் கணக்குக் கொப்பியில் பாதி எழுதாமல் இருந்தது. அந்தப் பக்கங்களை அவளுடைய தம்பி கிழித்து எழுதினான்.

அதற்குப் பிறகு இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். ஒளிப்பதிவு, தோட்டா தரணி செட் போட்ட தாராவி, இளையராஜா, வேலு நல்லவரா கெட்டவரா, எல்லாம் பேசியாயிற்று. நீலாவின் பரீட்சை என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. கதாநாயகி ஏன் பெரிய கதாநாயகி ஆகவில்லை என்றுதான் கேட்டீர்கள்.

போன வாரம் ஹற்றன் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பேத்திக்குக் கட்டம் போட்ட கொப்பி வாங்க வந்திருந்தாள். மிச்சக் காசை நடத்துநர் கொடுக்கும் முன்பே கணக்குச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் படத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது.

அம்மாவுக்குப் படம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.