பிள்ளையை எந்தப் பொசிஷனில் நிறுத்துவது? பேஸ்பால் கேள்வி பதில்

அமெரிக்காவில் வசந்த கால சீசன் நெருங்கும்போதெல்லாம் நம் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு பேஸ்பாலின் இந்த ஒன்பது ஃபீல்டிங் இடங்களும் பழக ஒரு சீசனாவது ஆகும். லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) பிள்ளைகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (நியூஜெர்சி, ஒரு அம்மா): அண்ணா, என் பையனுக்கு 9 வயது. எப்போதும் ரைட் ஃபீல்டில்தான் (பேட்டருக்கு வலது பக்கம், தொலைவில் இருக்கும் இடம்) நிறுத்துகிறார்கள். பந்தே வராத இடம் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். கோச் அவனை ஒதுக்குகிறாரா?

பதில்: புதிதாக வரும் பிள்ளைகளை அங்கே நிறுத்துவது பல அணிகளில் வழக்கம்தான். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பந்தே வராது என்பது சரியில்லை. இந்த வயதில் பேட்டர்கள் வேகமான பந்துக்குத் தாமதமாகத்தான் பேட்டைச் சுழற்றுவார்கள். வலது கை பேட்டர் தாமதித்து அடித்தால் பந்து ரைட் ஃபீல்ட் பக்கம்தான் போகும்.

இன்னொன்று. லிட்டில் லீக் மைதானத்தில் பேஸ்களுக்கு (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய நாலு இடங்கள்) இடையே 60 அடிதான். தரையோடு வரும் பந்தை ரைட் ஃபீல்டர் ஓடிவந்து எடுத்து உடனே ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்தால், அடித்தவனையே அவுட் ஆக்கலாம். பெரியவர்கள் ஆட்டத்தில் இது அபூர்வம், இங்கே நடக்கும்.

பையனிடம் ஒரு வேலை கொடுங்கள். இன்ஃபீல்டில் (பேஸ்களைச் சுற்றிய உள்பகுதி) பந்து உருண்டவுடன், யாரும் சொல்லாமலே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் ஓடிவந்து நிற்கச் சொல்லுங்கள். தவறும் எறிகளை அவன் நிறுத்துவதை எந்தக் கோச்சும் கவனிப்பார். அப்புறம் தனியாகப் பேசி, "ஒரு இன்னிங்ஸ் செகண்ட் பேஸில் விட்டுப் பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆட்டத்தின் நடுவில் வேண்டாம், பயிற்சி நாளில் கேளுங்கள்.

கேள்வி (டாலஸ், ஒரு அப்பா): சார், என் மகனுக்கு 10 வயது. கிரிக்கெட்டில் நல்ல வேகப்பந்து வீச்சாளன். நேராக பிட்சர் (பேட்டருக்குப் பந்தை எறிபவர்) ஆக்கிவிடலாமா?

பதில்: ஆக்கலாம், ஆனால் பந்துவீச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிரிக்கெட்டில் முழங்கை நீண்டு, தோள் சுழன்று பந்து போகிறது. இங்கே முழங்கை மடங்கி விரியும் எறி. எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு அவன் எப்படி எறிகிறான் என்று பாருங்கள், அதுதான் பிட்சிங்குக்கு நெருக்கமானது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 46 அடி. அந்தத் தூரத்தில் வேகத்தைவிட ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) போடத் தெரிவதே முக்கியம். நாலு பந்து அந்த எல்லைக்கு வெளியே போனால் பேட்டர் நடந்தே ஃபர்ஸ்ட் பேஸ் போய்விடுவான், பின்னால் நிற்கும் ஏழு பிள்ளைகளும் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் அவன் கை. லிட்டில் லீக் விதிப்படி 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பிட்ச்தான் உச்சம். 66 அல்லது அதற்கு மேல் போட்டால் நாலு நாள் ஓய்வு. இந்தக் கணக்கை லீக் தன் ஆட்டங்களுக்கு மட்டும்தான் வைக்கும். சனிக்கிழமை இன்னொரு அணிக்குப் போட்டது, ஞாயிறு கிரிக்கெட் கிளப்பில் வீசிய ஓவர்கள், இவற்றையெல்லாம் சேர்த்துக் கூட்ட உங்களைத் தவிர ஆள் இல்லை. தயவுசெய்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 12 வயதுவரை வருடத்தில் குறைந்தது நாலு மாதம் எறியாமல் இருக்க வேண்டும் என்று மேஜர் லீக்கும் (உச்ச தொழில்முறை லீக்) யுஎஸ்ஏ பேஸ்பாலும் (அமெரிக்காவின் பேஸ்பால் அமைப்பு) சேர்ந்து வகுத்த வழிகாட்டி சொல்கிறது. கர்வ் பால் (வளைந்து விழும் பந்து) இப்போது வேண்டவே வேண்டாம். முழங்கை வலிக்கிறது என்று சொன்ன அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கலிஃபோர்னியா, ஒரு அப்பா): என் மகளுக்கு 11 வயது, இடது கையால் எறிகிறாள். ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம்) ஆசை. இடது கைக்காரர்களுக்கு அது கிடையாது என்கிறார் கோச். உண்மையா?

பதில்: மேல்நிலை ஆட்டத்தில் உண்மை. ஷார்ட்ஸ்டாப், செகண்ட், தேர்ட் மூன்றிலும் எடுத்த பந்து பெரும்பாலும் ஃபர்ஸ்ட் பேஸுக்குத்தான் போக வேண்டும். இடது கைக்காரர் உடம்பைத் திருப்பித்தான் எறிய முடியும். அந்த அரை நொடியில் ஓடுபவர் சேர்ந்துவிடுவார். பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் இடத்திலும் சிக்கல் உண்டு: தேர்டிலிருந்து ஓடி வருபவரைத் தொட வேண்டிய கிளவ் மறுபக்கக் கையில் இருக்கும். 1989இல் பிட்ஸ்பர்க் அணிக்காக பென்னி டிஸ்டெஃபானோ சில ஆட்டங்களில் இடது கை கேட்சராக நின்றதை இன்றும் அதிசயமாகப் பேசுகிறார்கள்.

ஆனால் 11 வயதில் அவளைத் தடுக்க அவசியமில்லை. தரைப் பந்து எடுக்க அங்கேதான் நன்றாகக் கற்றுக்கொள்வாள். கூடவே ஃபர்ஸ்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட், பிட்சிங் மூன்றையும் பழக்குங்கள். இடது கை பிட்சரை எந்த அணியும் விடாது.

கேள்வி: பையன் உயரமாக, கொஞ்சம் குண்டாக இருக்கிறான், வயது 8. ஃபர்ஸ்ட் பேஸ்தானே?

பதில்: உடம்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபர்ஸ்ட் பேஸில் ஆட்டம் முழுக்க நேருக்கு நேர் பந்து வரும். பிடிக்கத் தெரியாத பிள்ளையை அங்கே நிறுத்தினால் முகத்தில் அடிபடும். மென்மையான பந்தால் எறிந்து பாருங்கள். நெஞ்சுக்கு மேலே வந்தால் விரல்கள் மேல்நோக்கியும், இடுப்புக்குக் கீழே வந்தால் கீழ்நோக்கியும் கிளவ்வைத் தானாகத் திருப்புகிறானா? அப்படியென்றால் நிறுத்தலாம்.

கேள்வி (சிகாகோ, ஒரு அம்மா): பையன் கேட்சராகணும் என்று அடம் பிடிக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: தானாகக் கேட்சர் கேட்கும் பிள்ளை கிடைப்பது அரிது, அந்த ஆசையை அணைக்காதீர்கள். மாஸ்க், தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், கால் கவசம், கப் (அப்டமன் கார்ட்) எல்லாம் சரியான அளவில் போட்டுவிட்டு, பேட் சுழலும்போது பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள். கண் மூடாமல், தலையைத் திருப்பாமல் இருந்தால் பொருந்துகிறான். தலையைத் திருப்பினால் கவசம் இல்லாத பக்கம் பந்துக்குத் தெரியும், அப்போது இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும். ஒரே நாளில் பிட்சராகவும் கேட்சராகவும் விடாதீர்கள். 41 பிட்ச் போட்டவன் அன்று கேட்சராக நிற்கக் கூடாது, நாலு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவன் அன்று பிட்ச் செய்யக் கூடாது என்று விதியே இருக்கிறது.

கேள்வி: சென்டர் ஃபீல்டுக்கு வேகமாக ஓடினால் போதுமா?

பதில்: போதாது. தலைக்கு மேல் உயரமாக ஒரு பந்து எறியுங்கள். முதல் அடி பின்னால் வைக்கிறானா, முன்னால் பாய்கிறானா என்று பாருங்கள். முன்னால் பாய்பவனுக்குப் பந்து தலைக்கு மேலே போய்விடும். பழக்கினால் வந்துவிடும்.

கேள்வி (அட்லாண்டா, ஒரு அப்பா): 12 வயது. டிராவல் அணி (ஊர் ஊராகப் போய் ஆடும் அணி) கோச் இப்போதே ஒரே பொசிஷனைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்.

பதில்: எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இன்னும் சில வருடங்களில் பேஸ் தூரம் 90 அடி ஆகும், பிட்சிங் தூரம் 60 அடி 6 அங்குலம் ஆகும். இன்றைய ஷார்ட்ஸ்டாப்பின் எறி அங்கே போய்ச் சேருமா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. பெரிய ஆட்டக்காரர்களே மாறியிருக்கிறார்கள். மைக் பியாஸா 1988இல் மேஜர் லீக் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டின் 62ஆவது சுற்றில் எடுக்கப்பட்டபோது ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர், கேட்சராக மாறித்தான் ஹால் ஆஃப் ஃபேம் (தலைசிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல்) போனார். கென்லி ஜான்சன் கேட்சராக இருந்து பிட்சர் ஆனார். ஜேக்கப் டிகிராம், பஸ்டர் போஸி இருவரும் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் ஆடியவர்கள். முன்னவர் பிட்சர், பின்னவர் கேட்சர் ஆனார்கள்.

கோச்சிடம் ஒரு இன்ஃபீல்ட் இடம், ஒரு அவுட்ஃபீல்ட் இடம் என்று இரண்டு கேளுங்கள். கை தாங்கினால் அளவோடு பிட்சிங். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பணம் கட்டுவதற்கு முன் வேறு அணியைப் பாருங்கள்.