2016 விலையை மனதில் வைத்துக்கொண்டு ஸ்டாக்ஹோம் கிளம்பாதீர்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. 2016 ஆகஸ்டில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் ஸ்டாக்ஹோமில் இருந்தேன். அந்த ஊர் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இப்போது கல்லூரி நண்பனோடு மறுபடி போகிறேன், அவனுக்கு ஐரோப்பாவே இதுதான் முதல் முறை. இந்த முறை கம்பெனிக் காசு இல்லை, சொந்தக் காசு. விமானம், விசா போக ஆளுக்கு 6,000 குரோனா வைத்திருக்கிறோம், ஐந்து இரவு. போதுமா? போன முறை மிஞ்சிய 1,400 குரோனா நோட்டும் கொஞ்சம் சில்லறையும் பத்திரமாக இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மியூசியங்கள் இலவசம் என்பதால் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே டூரிஸ்ட் பாஸ் விற்கிறார்களே, வாங்கலாமா? ஜூன் நல்லதா, செப்டம்பர் நல்லதா?

பதில்: போதும், ஆனால் இறுக்கமாகத்தான் இருக்கும். முதலில் அந்த 1,400 குரோனாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அதிலுள்ள 100, 500 நோட்டுகள் இப்போது கடையில் செல்லாது. சுவீடன் 2015-லும் 2016-லும் 10 குரோனா நாணயம் தவிர நோட்டு, நாணயம் எல்லாவற்றையும் மாற்றியது. புது 100, 500 வந்தது 2016 அக்டோபரில், அதாவது நீங்கள் திரும்பி வந்த பிறகு. பழைய 100, 500 நோட்டுகள் 2017 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. முகத்தைப் பாருங்கள்: 100-ல் தாவரவியலாளர் லின்னேயஸ், 500-ல் பதினோராம் கார்ல் மன்னர் இருந்தால் பழையது. இப்போது புழங்கும் 100-ல் நடிகை கிரெட்டா கார்போ, 500-ல் பாடகி பிர்கிட் நீல்சன். 20 நோட்டு ஏதாவது இருந்தால் அதையும் பாருங்கள், அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் படம் இருந்தால் அது செல்லும், ஏனென்றால் அது 2015-லேயே வந்துவிட்டது. பழைய நோட்டுகளை அவர்களுடைய மத்திய வங்கியான ரிக்ஸ்பேங்க் இன்னும் வாங்கிக்கொள்கிறது, படிவம் நிரப்பி அனுப்பினால் கட்டணம் கழித்துக்கொண்டு வங்கிக் கணக்கில் போடும். 1,400-க்கு அந்த அலைச்சல் தகும், ஒற்றை நூறு நோட்டுக்குத் தகாது. சில்லறையில் 10 குரோனா நாணயம் மட்டும்தான் செல்லும், பழைய 1, 5 எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

நோட்டு செல்லுபடியானாலும் அதை வாங்கும் கடையைத் தேட வேண்டியிருக்கும், அது இன்னொரு விஷயம். பல கஃபேக்களிலும் மியூசியங்களிலும் ரொக்கமே வாங்குவதில்லை, பேருந்திலும் அப்படித்தான். உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் ஸ்விஷ் ஆப்புக்கு சுவீடன் வங்கிக் கணக்கு வேண்டும், அதனால் அது உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிற கார்டு ஆளுக்கு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும், ஒருவர் கார்டை நம்பி இரண்டு பேர் கிளம்பக் கூடாது. நம்மூர் வங்கிகள் புதுக் கார்டுகளை வெளிநாட்டுப் பயன்பாடு மூடிய நிலையில்தான் தருகின்றன, ஆப்பில் போய்த் திறந்துவிடுங்கள். மெஷின் "ரூபாயா குரோனாவா" என்று கேட்டால் எப்போதும் குரோனா. ரூபாயை அமுக்கினால் மாற்று விகிதத்தில் அந்த மெஷின்காரர் வைத்ததுதான் சட்டம், உங்கள் வங்கி விகிதம் கிடைக்காது.

அடுத்தது மியூசியம். உங்கள் நினைவு சரிதான், 2016 பிப்ரவரியில் அரசு மியூசியங்களில் இலவச அனுமதி தொடங்கியது, அந்த வருஷம்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். ஆனால் 2023 முதல் அரசு அதற்காகக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்திவிட்டது, மாடர்னா மியூசெட், நேஷனல்மியூசியம் இரண்டிலும் இப்போது டிக்கெட் உண்டு. (நேஷனல்மியூசியத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க முடியாது, புதுப்பிப்புக்காக மூடிக் கிடந்து 2018 அக்டோபரில்தான் திறந்தார்கள். இந்த முறை அதற்குக் காசு கொடுங்கள், தகும்.) வாரத்தில் ஒரு மாலை இலவச நேரம் வைத்திருக்கிறார்கள், கிழமையை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொண்டு அதற்கேற்ப நாளைப் போடுங்கள். நகராட்சி நடத்தும் இரண்டு மியூசியங்கள் இலவசமாகவே இருக்கின்றன: ஸ்லுசென் பக்கத்தில் நகர அருங்காட்சியகம், அரண்மனைக்கு எதிரே பாலத்துக்கு அடியில் இடைக்கால அருங்காட்சியகம். இரண்டாவதில் 1530-களின் நகர மதிலை அது இருந்த இடத்திலேயே பார்க்கலாம், காசு வாங்கும் பல இடங்களைவிட எனக்கு இது பிடிக்கும்.

1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961-ல் மேலே எடுக்கப்பட்ட வாசா கப்பல் அன்றும் இலவசமில்லை, இன்றும் இல்லை, சுமார் 200 குரோனா. நண்பன் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தால் கூட நிற்பதற்காக மறுபடி டிக்கெட் வாங்காதீர்கள். இரண்டாம் முறை போகிறவர்கள் காசு விடுவது பெரும்பாலும் இங்கேதான், "அவனைத் தனியா விடறதா" என்று கூச்சப்பட்டு எல்லாவற்றையும் இரண்டாம் தரம் வாங்குவது. அவன் உள்ளே இருக்கும் இரண்டு மணி நேரம் நீங்கள் யூர்கோர்டன் தீவின் கரையோரம் நடக்கலாம், அந்த நடைக்குக் காசு கிடையாது. இதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள், அங்கே போய் டிக்கெட் கவுன்ட்டரில் நின்று பேசினால் முகம் சுருங்கும். இதே காரணத்துக்காக டூரிஸ்ட் பாஸும் வேண்டாம். தினம் மூன்று நான்கு இடம் ஓடுகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும், போதாக்குறைக்கு நகரப் போக்குவரத்து அதில் சேராது.

நீங்கள் போன பிறகு உங்களுக்குச் சாதகமாக ஒன்றும் மாறியிருக்கிறது. அப்போது ஒற்றைப் பயணச்சீட்டுக்கு மண்டலக் கணக்கு இருந்தது நினைவிருக்கும், தூரம் கூடினால் காசு கூடும். 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். எஸ்எல் (ஸ்டாக்ஹோம் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) சீட்டு ஒன்று, 75 நிமிடம், மாவட்டம் முழுக்க ஒரே விலை, இப்போது 40 குரோனாவைத் தாண்டியிருக்கிறது. ஆகவே நகர மையத்திலுள்ள காம்லா ஸ்டானிலோ சோடர்மால்மிலோதான் அறை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. சோல்னா, சுந்த்பிபெர்ய், எல்வ்ஷோ போன்ற இடங்களில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை தேடுங்கள், போக்குவரத்துச் செலவு ஒரு குரோனாகூட அதிகமாகாது. ஐந்து இரவுக்கு 72 மணி நேரச் சீட்டு வாங்கி, மிச்ச நாளுக்கு ஒற்றைச் சீட்டு வாங்குவதைவிட 7 நாள் சீட்டே மலிவு. 72 மணி நேரச் சீட்டுக்கும் 7 நாள் சீட்டுக்கும் இடையே நூறு குரோனா சொச்சம்தான் வித்தியாசம். ஸ்லுசெனிலிருந்து யூர்கோர்டன் போகும் படகிலும் அந்தச் சீட்டு செல்லும், அதுவே நல்ல படகுச் சவாரி, தனியாகச் சுற்றுலாப் படகுக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு நாள் தீவுப் பக்கம் போக ஆசைப்பட்டால் டெக்னிஸ்கா ஹோக்ஸ்கூலன் நிலையத்திலிருந்து 670 பேருந்தில் வாக்ஸ்ஹோம் போய்வாருங்கள், அதே சீட்டுதான்.

அர்லாண்டா விமான நிலையத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். அர்லாண்டா எக்ஸ்பிரஸ் ரயில் இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விடும், ஒற்றைப் பயணம் 300 குரோனாவுக்கு மேல், இரண்டு பேராக எடுத்தால் கொஞ்சம் தள்ளுபடி. "அப்ப சாதாரண பெண்டெல்டோக் புறநகர் ரயிலில் போகிறோம்" என்று கீழே இறங்கினால், எஸ்எல் சீட்டுக்கு மேல் ஏறத்தாழ 150 குரோனா நிலையக் கட்டணம் கேட்பார்கள், 7 நாள் சீட்டு கையில் இருந்தாலும் கேட்பார்கள். அந்தப் பாதையும் நிலையமும் 1999 முதல் தனியார் நிறுவனத்தின் கையில் இருப்பதுதான் காரணம். இதைத் தவிர்க்க வழி உண்டு. வெளியே வந்து 583 பேருந்து பிடித்து மேர்ஸ்டா நிலையம் போங்கள், அங்கே அதே பெண்டெல்டோக் ரயில் கிளம்புகிறது, அங்கே கட்டணம் எதுவும் இல்லை, எஸ்எல் சீட்டு மட்டும் போதும். நகரம் போய்ச் சேர மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பேர், போக வர, 600 குரோனா மிச்சம். நடுராத்திரி வந்து இறங்கினால் இதைச் செய்யாதீர்கள், பகலில் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விதி: வெளியே சாப்பிடுவதை மதியத்தில் வையுங்கள். வார நாட்களில் 11 மணியிலிருந்து 2 மணிவரை "டாகென்ஸ் லஞ்ச்" என்று போடுவார்கள், 130-லிருந்து 160 குரோனாவுக்குள் சாப்பாடு, சாலட், ரொட்டி, காபி எல்லாம் அடங்கிவிடும். அதே ஓட்டலில் இரவு உட்கார்ந்தால் பில் எகிறும். காலைக்கும் இரவுக்கும் வில்லிஸ், லிடில் மளிகைக் கடைகள். குடிநீர் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும். வாங்கிய பாட்டில், கேன்களை வீசாமல் கடையிலுள்ள மெஷினில் போடுங்கள், வாங்கும்போது சேர்த்துக் கட்டிய காசு திரும்பக் கிடைக்கும்.

சமையலறை உள்ள ஹாஸ்டலில் இரண்டு பேருக்கான தனி அறை பார்த்தால் ஆளுக்கு இரவுக்கு 550 குரோனா போல ஆகும், ஐந்து இரவுக்கு 2,750. சாப்பாடு நாளுக்கு 300 வீதம் ஆறு நாளுக்கு 1,800. போக்குவரத்துக்கு 500. மிச்சம் 950-இல் இரண்டு மூன்று டிக்கெட். ஒன்று கவனியுங்கள், அங்கே பல ஹாஸ்டல்களில் படுக்கை விரிப்பு வாடகையில் சேராது, தனியாக வாங்குவார்கள், ஸ்லீப்பிங் பேக் அனுமதிக்க மாட்டார்கள். பெட்டியில் ஒரு விரிப்பும் தலையணை உறையும் துண்டும் வைத்துவிடுங்கள்.

ஜூனா செப்டம்பரா என்றால் நான் செப்டம்பர் முதல் பாதி என்பேன். ஜூன் 19-க்கும் 25-க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை மிட்சம்மர் பண்டிகை, அன்றும் மறுநாளும் ஊரே கிராமத்துக்குப் போய்விடும், பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், முதல் முறை வருகிற நண்பனுக்குப் பூட்டின கதவைக் காட்டவா போகிறீர்கள்? செப்டம்பரில் ஒரு சிக்கல், வார நாட்களில் ஆபீஸ்காரர்கள் கூட்டத்தால் ஓட்டல் அறைகள் விலை ஏறும், வெள்ளி சனி ஞாயிறு இறங்கும். ஆகவே ஐந்து இரவை வியாழனில் ஆரம்பித்து வாரக் கடைசி முழுக்க உள்ளே வரும்படி போடுங்கள். அப்புறம் விசா, 2016-ல் கொடுத்த கைரேகை 59 மாதத்தோடு காலாவதி, நேரில் போய் மறுபடி கொடுக்க வேண்டும். கட்டணமும் 60 யூரோவிலிருந்து 90 ஆகிவிட்டது.

கேள்வி: வியன்னாவில் படிக்கிறேன். "ஸ்டாக்ஹோம் ஸ்கவ்ஸ்டா" என்று போட்டு ஒரு மலிவு விமான டிக்கெட் வருகிறது, அர்லாண்டா டிக்கெட்டில் பாதி விலை. நானும் தோழியும் எடுக்கலாமா?

பதில்: பெயரில்தான் ஸ்டாக்ஹோம், இடம் நீஷோப்பிங் ஊர்ப் பக்கம், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், எஸ்எல் சீட்டு அங்கே செல்லாது, தனி டிக்கெட். அந்தப் பேருந்தின் போக வர விலையையும் கைப்பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆளுக்கு 40 யூரோவாவது மிஞ்சினால் எடுங்கள். விடியற்காலை திரும்பும் விமானம் என்றால் அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கட்டாதீர்கள், டாக்சியில் 100 கிலோமீட்டர் என்பது அங்கே ஒரு விமான டிக்கெட்டைவிட அதிகம்.

கேள்வி: ரத்து செய்ய முடியாத அறை 20 சதவீதம் மலிவாக வருகிறது. ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று சட்டம் இருக்கிறதாமே, அதை நம்பி எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். அந்த 14 நாள் உரிமை பொருளுக்கு உண்டு, ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. விசா கையில் வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையாகவே போடுங்கள், இரண்டு பேர் போகும்போது ஒருவருக்கு மட்டும் விசா தாமதமாவது நடக்கிற விஷயம்தான். விசா வந்த அன்றைக்கே மறுபடி விலை பாருங்கள், மலிவான அறை அப்போதும் இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பழையதை ரத்து செய்யுங்கள், ரத்து உறுதி மின்னஞ்சல் வந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.