லேபிள் அழிந்துபோன ஆசிட் பாட்டில்களை என்ன செய்வது? ஆங்கில அகர வரிசையில் அடுக்கினால் போதாதா?

புதிதாக லேப் பொறுப்பு ஏற்றிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டோர் ரூமைத் திறந்ததும் எழுத்தே இல்லாத நாலைந்து பாட்டில் இருந்திருக்கும். போதாது என்பதுதான் என் பதில். அகர வரிசையில் வைத்தால் நைட்ரிக் ஆசிட்டும் நாப்தலீனும் ஒரே தட்டுக்கு வரும். ஒன்று தீயைத் தூண்டுவது, இன்னொன்று எரிவது.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஒன்பது வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். பசை போட்டு ஒட்டிய லேபிள் ஓரம் தூக்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு, அம்மோனியாவையும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டின் ஆவியும் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகி, பாட்டில்கள் மேலெல்லாம் கோலமாவு தூவியது போல் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆசிட் ஆவி மையையும் தின்றுவிட்டது.

பிளஸ் டூ பிராக்டிகல் அன்று, "அந்த டைலூட் எச்.சி.எல்.லைக் கொண்டு வாங்கம்மா" என்றார் சார். தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத்தான் அப்படிச் சொல்வோம். அது வழக்கமாக இருக்கும் இடத்தில் லேபிள் இல்லாத அரை லிட்டர் பாட்டில். தூக்கியதும் கை கீழே இறங்கியது. அவ்வளவு கனம் இருக்கவே கூடாது. லேசாகச் சாய்த்தேன், தண்ணீர் போல் ஓடாமல் விளக்கெண்ணெய் மாதிரி மெல்ல நகர்ந்தது. அடர் சல்பியூரிக் ஆசிட் தண்ணீரைப் போல் 1.84 மடங்கு கனம்.

"சார், இது எச்.சி.எல். இல்லை" என்றேன். "நேரமாகுது, ஊத்துங்கம்மா" என்றார். நான் ஊற்றவில்லை. கண்ணாடிக் குச்சியால் வடிதாளில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினேன். கருத்து, ஓட்டை விழுந்தது. அப்புறம்தான் நம்பினார். வெளியே பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். யாராவது அதில் தண்ணீர் ஊற்றியிருந்தால் கொதித்து முகத்தில் தெறித்திருக்கும்.

அப்படிச் சோதிப்பது தவறு என்று பேராசிரியர்கள் சொல்லலாம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் இன்னின்ன ஆசிட்தான் இருக்கிறது என்று தெரிந்ததால் செய்தேன். நீங்கள் செய்ய வேண்டாம். முகரவும் வேண்டாம், தொட்டியில் கொட்டவும் வேண்டாம். "தெரியாதது" என்று தேதியோடு எழுதித் தனியாக வைத்து, தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். மூடியோரம் மஞ்சள் படிகம் தெரிந்தால் திறக்கவே திறக்காதீர்கள். காய்ந்த பிக்ரிக் ஆசிட் வெடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகாரிகள் வந்தால் டீ வாங்க நாங்கள்தான், மணி அடிக்க ஆள் இல்லையென்றாலும் நாங்கள்தான். கையுறை கேட்டால் பணம் இல்லை. ஆண்டு விழாப் பந்தலுக்கு இருக்கிறது. லேப் அசிஸ்டெண்ட் சொல்வதை ஒருவர் நின்று கேட்பதற்கு வடிதாள் கருக வேண்டியிருந்தது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, அடுக்கும் விஷயம். ஆசிட் எல்லாம் கண் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் ட்ரேயில் இருக்கட்டும். நைட்ரிக் தனி. ஆல்கஹால், அசிட்டோன், அசிட்டிக் ஆசிட் அதன் பக்கமே வரக் கூடாது. கம்பெனி லேபிளில் இருக்கும் சிவப்பு விளிம்புச் சாய்சதுர எச்சரிக்கைக் குறிகளில் வெறும் தீ இருந்தால் எரியும் பொருள். வட்டத்தின் மேல் தீ இருந்தால் மற்றதை எரிய வைப்பது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். லேபிளில் பெயர், அடர்வு, திறந்த தேதி எழுதி, மேலே மெழுகு தடவுங்கள். ஏற்காட்டு ஈரத்துக்கே அது தாங்கியது.

சேலத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, கொலுசுப் பட்டறை வீட்டுப் பையன் ஒருவன் நைட்ரிக் ஆசிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து, "லேபுக்கு வச்சுக்கங்க மிஸ்" என்று ஆசையாக நீட்டினான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். திட்ட மனம் வரவில்லை. கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, பெயரை அவன் கையாலேயே எழுத வைத்தேன். சாயங்காலம் அவன் அப்பாவை வரச் சொல்லிப் பேசினேன்.